இஜ்லாலின் கூடை

கெய்ரோவில் நாலாவது மாடியில் குடியிருந்த இஜ்லால், வாரப் பத்திரிகைக்குக் காதல் தொடர்கதை எழுதுகிறவள். எதிர் பால்கனியில் ஸஃபினாஸும் அவளுக்கு நிச்சயமான ஷவ்கியும் போடும் சண்டைதான் இஜ்லாலுக்குக் கதை; காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அப்படியே எழுதிவிடுவாள்.

அன்று காய்கறி வாங்கக் கயிற்றில் இறக்கிய கூடையில், சோறு பொதிந்த திராட்சை இலைச் சுருள்கள் ஏறி வந்தன. கீழே ஸஃபினாஸ் நின்றாள்.

"அக்கா, இந்த வாரம் உங்க ஹீரோ தங்க வளையல் வாங்கித் தரட்டும். எங்க ஆளு உங்க கதையைப் படிச்சு அப்படியே காப்பியடிக்கிறாரு!"

சாயங்காலம் அதே கூடையில் பொரித்த புறா வந்தது. கீழே ஷவ்கி.

"அக்கா, அல்லா உங்களை நல்லா வைக்கட்டும். ஹீரோவுக்கு இந்த வாரம் வேலை போயிடட்டும்!"

இரண்டையும் விரலைச் சப்பிச் சாப்பிட்ட இஜ்லால், வளையலையும் வாங்கவிடவில்லை, வேலையையும் போகவிடவில்லை. காதலர் சண்டையை அடுத்த ரம்ஜான் வரை இழுத்துவிட்டு, கூடையை மறுபடி கீழே இறக்கினாள்.