நுவரெலியா போய் வந்த நாலு பேர்

நடராசா குடும்பம் நுவரெலியாவுக்குப் போகப்போகிறது என்பது இரண்டு கிழமைக்கு முன்பே நறுவிலிக்குளம் முழுக்கத் தெரியும். தெரியாமலிருக்க சிவலட்சுமி விடவில்லை. சண்டை முடிந்து ஊரில் மீள்குடியேறி ஒன்றரை வருடம். வீட்டுக்கு இன்னும் தொண்டு நிறுவனம் தந்த தகரம்தான் கூரை. அவளோ வேலிக்கு வேலி நின்று, "அங்க சரியான குளிராம் அக்கா, சுவெட்டர் இல்லாமப் போகேலாதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் பொரித்தால் மணம் பக்கத்து வீட்டில் இருக்கும் எங்களுக்கு வந்துவிடும் என்று கதவைச் சாத்துகிறவள், ட்ரிப்பை மட்டும் ஏன் இப்படி ஊருக்கெல்லாம் அறிவிக்கிறாள் என்று எனக்கு அப்போதே ஒரு யோசனை.

வெள்ளிக்கிழமை விடிய வாடகைக்குப் பிடித்த வான் வந்தது. நடராசா, சிவலட்சுமி, இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவன் துஷாந்தன். ஐந்து பேர். துஷாந்தன் இயக்கத்தில் இருந்தவன் என்று பிடிபட்டு, தடுப்பில் புனர்வாழ்வு முடிந்து வந்து எட்டு மாதம். ஞாயிறு தோறும் ஆமி முகாமில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஓர் இரவு வெளியே தங்குவதென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த ஒரு ஞாயிறுக்கு, குடும்பத்தோடு ட்ரிப் என்று கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார்கள்.

திங்கள் மத்தியானம் வான் திரும்பியது. நான் தற்செயலாக வேலியடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இறங்கியது நாலு பேர்.

பின்னேரம் சிவலட்சுமி ஒரு பை கரட் கொண்டுவந்து தந்தாள். நுவரெலியா போய் வந்தவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கரட் கொடுக்காமல் விடுவதில்லை. ஆனால் அங்கே றோட்டோரத்தில் விற்பது இலையும் மண்ணுமாகக் கட்டிய கரட். இது கழுவித் தலை வெட்டிய கரட். முருங்கன் சந்தையிலும் இதுதான் கிடக்கிறது.

"மகன் எங்க?" என்று கேட்டேன்.

"வாற வழியில இறங்கிட்டான் அக்கா."

"எவடத்தில?"

"வாற வழியில."

சின்னவள் யதுர்சிகாவிடம் நுவரெலியாவில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "லிஃப்டில ஆறு தரம் ஏறி இறங்கினனான் பெரியம்மா" என்றாள். தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இப்படி ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மனிசர் எப்படி நித்திரை கொள்வது? செவ்வாய் காலை முருங்கனில் கனகரத்தினத்தின் கடையில் சீனி வாங்கும்போது சொல்லிவிட்டேன்: "எங்கட பக்கத்து வீட்டுக்காரர் ஒராளை நுவரெலியாவில தேயிலைக்கு உரமாப் போட்டிட்டு வந்திட்டினம் போல." கடையில் நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். கனகரத்தினம் சிரித்த சிரிப்பில் சீனி கொஞ்சம் கூடவே விழுந்தது.

அன்று பின்னேரம்தான் சிவலட்சுமி போனில் கதைப்பது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. "வியாழன் இரவு பிளைட் ஏறுமட்டும் அந்த அறையை விட்டு வெளிய காலெடுத்து வைக்காத ராசா. சாப்பாட்டுக்கும் போகாத. பிடிச்சாங்களெண்டா இந்த முறை விடமாட்டாங்கள்."

கடையில் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தனை மட்டும் எனக்கு ஆரென்று தெரியவில்லை. இந்தப் பகுதியில் எனக்குத் தெரியாத முகம் என்று ஒன்று இருப்பதே நல்லதில்லை.

புதன் காலை பத்து மணிக்கு அந்த முகம் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியது. மடிப்புக் கலையாத சேர்ட், காலில் செருப்பு. சைக்கிளுக்கு இலக்கத்தகடு இல்லை. தமிழ் நன்றாகக் கதைத்தான். எந்த ஊர்த் தமிழ் என்பதுதான் பிடிபடவில்லை. கதிரையைத் தானே இழுத்துப்போட்டு இருந்தான்.

"பிள்ளையளுக்கு டிசம்பர் லீவு வருது அம்மா. நுவரெலியா கூட்டிக்கொண்டு போவமெண்டு பாக்கிறன். இங்க ஆரோ போய் வந்தவையாம்."

"பக்கத்து வீடுதான். அவையிட்டயே கேளுங்கோவன்."

"கேப்பம். நீங்கள்தான் எல்லாம் வடிவாச் சொல்லுவீங்களாம்."

எத்தனை நாள் நின்றார்கள், எந்த வான், குளிருக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டான். என் வீட்டுக்காரர்கூட என்னை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கடைசியில், "ஒராளைத் தேயிலைக்கு உரமாப் போட்டிட்டு வந்தவை எண்டு கேள்வி" என்று சிரித்தான்.

"அது சும்மா பகிடி தம்பி. பெடியன் வந்திட்டான். என்ர கண்ணால கண்டனான்."

"அப்ப இப்ப எங்க?"

"சிலாவத்துறையில. வீட்டுத்திட்டத்தில மேசன் வேலை. நேற்று விடிய பஸ் ஏறினவன்."

அடுத்த வீட்டு உண்மையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம். முழுப் பொய் இதுதான் முதல் தரம். மற்ற எல்லாவற்றையும் விடச் சரளமாக வந்தது. அந்த மேசன் வேலையை மேற்பார்க்க ஒரு பாஸையும் வைத்தேன், அவருக்குக் கோபக்காரர் என்று ஒரு குணத்தையும் கொடுத்தேன். அவன் ஒன்றையும் எழுதவில்லை. "நல்லது அம்மா" என்று எழும்பி, பக்கத்து வீட்டைத் திரும்பியும் பாராமல் போனான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சிவலட்சுமி சுளகைக் கீழே வைத்தாள்.

"எங்கயெண்டு சொன்னனீங்கள்?"

"சிலாவத்துறை."

"அவன் விடியவே இவரை வயலுக்குள்ள மறிச்சுக் கேட்டவன் அக்கா. இவர், மகன் மதவாச்சியில இறங்கி வவுனியாவுக்குப் போனவன், அங்க சொந்தக்காரர் வீட்டில காய்ச்சலாக் கிடக்கிறான் எண்டு சொல்லிப்போட்டார்."

"அதை எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"உங்களிட்டச் சொன்னா…"

பிறகு முழுவதையும் சொன்னாள். நுவரெலியாப் பக்கமே போகவில்லை. கொழும்பில் ஒரு லொட்ஜின் நாலாம் மாடியில் மூன்று இரவு. சுவெட்டர் வாங்கியது உண்மை. அது துஷாந்தன் போகும் நாட்டுக்கு. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவர் தானாக முன்வந்து சொன்ன முழுக்கதை இதுதான். கேட்டு முடிய எனக்கு வாய் கசந்தது.

வவுனியாவா சிலாவத்துறையா, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று மணிக்கு, இரண்டு மோட்டார்சைக்கிள் படலையில் நின்றன.

"அண்ணை, ஒரு அரை மணித்தியாலம்" என்று நடராசாவிடம் சொன்னான் காலையில் வந்தவன். "ட்ரிப்பைப் பற்றிக் கதைக்க வேணும். படங்கள் இருந்தா அதையும் எடுங்கோ." என்னைப் பார்த்து, "அம்மா சுகமா?" என்றும் கேட்டான்.

நடராசா பெனியனோடு நின்றார். சிவலட்சுமி கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் விரலுக்குப் பித்தான் பிடிபடவில்லை, அவளே போட்டுவிட்டாள். கடைசிப் பித்தானில் குனிந்து, "நாளைக்கு இரவு மட்டும் தாங்குங்கோ" என்றாள். அவர் இரண்டாவது சைக்கிளில் ஏறி, முன்னால் இருந்தவனின் தோளைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தூசி அடங்குவதற்குள் எதிர்வீட்டு இராசம்மா வேலிக்கு வந்துவிட்டாள்.

"நடராசா அண்ணையை ஆரக்கா ஏத்திக்கொண்டு போறாங்கள்? எந்தப் பக்கம் திரும்பினவங்கள்? நீங்கள் பாத்திருப்பியள்தானே?"

"நான் பாக்கேல்லை" என்றேன்.