உப்பளத் தெருவில் கலைவாணன் முகம்

கேளம்பாக்கம் உப்பளத் தெருவில் நடக்கிற ஆண்கள் எல்லோருக்கும், தெருமுனை தாண்டும்வரை அல்லது ஒரு வீட்டுப் படி ஏறும்வரை, கலைவாணனின் முகம் இருக்கும். வண்டியில் போனால் ஒன்றும் ஆகாது. கால் தரையில் பட வேண்டும். அடுக்குமாடிகளின் பின்சுவர்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் தெரு என்பதால் வெளியில் யாருக்கும் இது தெரியாது. அங்கே குடியிருக்கும் ஆண்கள் வாசற்படியை ஒட்டி பைக்கை நிறுத்தி அப்படியே உள்ளே தாவப் பழகிக்கொண்டார்கள். பெயின்ட் வேலைக்கென்று வெளியூர் போன கலைவாணன் திரும்பாத வருஷம் இது தொடங்கியது. தண்ணீர் கேன்காரர் அந்த முகத்தோடு வந்து நின்றபோது கலைவாணனின் மனைவி ஜெனிட்டா கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் எல்லம்மாள் அவர் கன்னத்தைத் தடவி, "இளைச்சிக்கினே போற நைனா" என்றாள்.

வருஷங்கள் போயின. முகம் கறுத்தது, தாடி வளர்ந்தது, காதோரம் நரைத்தது. செத்தவனுக்கு நரைக்காது. அதனால், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்ட ஷேர் ஆட்டோ ஆல்வினிடம் ஜெனிட்டா சரி என்று சொல்லவில்லை. ஒருநாள் அவன், அப்படி என்னதான் இந்தத் தெருவில் இருக்கிறதென்று நடந்தே பார்க்க வந்தான். உப்பு அரித்த சுவர்கள், மூடிய கிணறு, வாலாட்டாத நாய்கள். நின்றிருந்த பைக் கண்ணாடியில் வேறொருவன் தெரிந்தான். கன்னத்தைத் தொட்டான், தாடி கையில் குத்தியது.

"நான்தான், ஜெனிட்டா," என்றான் அவள் வாசலுக்கு வந்து.

"தெரியுது. இந்த மொகத்த வெச்சிக்கினு என்கிட்ட பேசாத. போ."

பிறகு ஒரு தை மாதக் காலையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தவருக்கு மழித்த கன்னம், நெற்றியில் சந்தனம், காதோரம் நலங்கு மஞ்சள். கூரியர்காரருக்கும் அதேதான். எல்லம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "மாப்ள கோலம்," என்றாள், மருமகள் பக்கம் திரும்பாமல்.

எங்காவது அடிபட்டுக் கிடப்பானோ என்று இத்தனை வருஷம் பயந்தவள் ஜெனிட்டா. அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு ஆல்வினுக்கு போன் போட்டாள்.

"வண்டிய ரோட்டுலயே வுட்டுட்டு நடந்து வா."

"அந்த மொகம் வருமே."

"வரட்டும். நான் வாசல்ல நிக்கிறேன்."

இன்னொருத்தியின் மாப்பிள்ளை முகத்தோடு அவன் வந்தான். ஜெனிட்டா முதல்முறையாக அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். படியேறியதும் சந்தனம் போய், அம்மைத் தழும்போடு ஆல்வின் நின்றான். எல்லம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா, டீ குடிக்கிறியா?" என்றாள்.

மறுவருஷம் அந்த முகத்தில் தூக்கமில்லாத கண்களும், மூக்கில் சின்ன நகக்கீறலும் தெரிந்தன. குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரு பேசிக்கொண்டது. எல்லம்மாள் வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள். ஜெனிட்டாவும் கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.