மொக்கம்மாள் வாங்காத கால் ரூபாய்

வேலுத்தாய் தன் பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது இருபத்தைந்து காசு. 1974 தை மாதத்திலிருந்து பதினோரு வருடம் அந்தக் கடன் நின்றது. அந்தப் பதினோரு வருடமும் வேலுத்தாயின் தோட்டத்துக் கத்தரிக்காய் ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் குறையாமல் இருந்தது. போடி மார்க்கெட்டில் அதைப் பூசணிக்காய் மாதிரி கீற்றுப் போட்டுத்தான் விற்றார்கள். கீற்று நாற்பது காசு.

கடன் வந்தது குப்பையால். ராசிங்காபுரம் மேற்குத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே தலை தெரியாத உயரத்துக்கு ஒரு கல் சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மொக்கம்மாள். நாலு மாடு, ஓட்டு வீடு, அதிகம் பேசாத புருஷன் ராக்கையா. அந்தப் பக்கம் வேலுத்தாய். புருஷன் செத்துப்போனவள், ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, விடியுமுன்னே ஜீப்பில் நசுங்கிப் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போனவள். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி இடது முட்டி பிசகிப் போனது. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மூன்று சென்ட் மண்ணைக் கொத்திக் கத்தரி வைக்கப் பார்த்தாள். விளைந்தால் கஞ்சி, இல்லாவிட்டால் அந்த முட்டியோடு மறுபடியும் ஜீப்பு. மண்ணில் சத்து இல்லை. மாட்டுக் குப்பை கேட்டு மொக்கம்மாளிடம் போனாள்.

குப்பையும் விதையும் சும்மா கைமாறக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர் ஒரு காசாவது நீட்ட வேண்டும், கொடுக்கிறவர் அதை வாங்கி முந்தியில் முடிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் கொடுத்த வீட்டுச் சீதேவியும் குப்பையோடு கூடையில் ஏறிப் போய்விடும். வேலுத்தாய் முறைப்படி கால் ரூபாயை நீட்டினாள். குழாயடியிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மொக்கம்மாளுக்குப் பெரிய மனசு வந்துவிட்டது.

"குப்பைக்குப் போயி ஏங்கிட்டக் காச நீட்டுறியேடி? நாலு மாடு கட்டிக் கெடக்கு. வேணுங்கற மட்டும் அள்ளிட்டுப் போ."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"வழக்கமெல்லாம் இல்லாதவுகளுக்கு. போடி, வெரசா அள்ளு."

வேலுத்தாய் இருபது கூடை அள்ளினாள். ஒருவருக்கென்று நீட்டிய காசைச் செலவழிக்க மனம் வராமல், அதை மஞ்சள் துணியில் முடிந்து அடுக்குப்பானையில் போட்டு வைத்தாள்.

மூன்றாம் மாதம் காய் வந்தது. முதல் பறிப்பைப் புடைக்கிற சொளகில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து மொக்கம்மாள் வாசலில் நின்றாள். சொளகில் நாலு காய்தான் இருந்தது, அதற்கு மேல் கொள்ளவில்லை. "மொக்கக்கா, எல்லாம் ஒங்க குப்பை. ஒங்களாலதேன் எம்புள்ள வகுறு நெறஞ்சுச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மொக்கம்மாளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். மறுநாள் காலை சாம்பலால் பல் விளக்கிக்கொண்டே ஒரு கல்லின்மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு தன் தோட்டத்தைப் பார்த்தாள். அதே மாட்டுச் சாணம், அதே குப்பைக்குழி. இங்கே காய் கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. கூடுதலாகப் பத்துக் கூடை போட்டாள். கோலிக்குண்டு கோலிக்குண்டாகவே இருந்தது.

அந்த ஐப்பசியில் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஈரத்துணியை மடித்துப் போட்டால் கால் மணி நேரத்தில் காய்ந்து மொடமொடத்தது. போடி டாக்டர் பால் மாதிரி ஒரு மருந்து கொடுத்தார், அது உள்ளே போனதும் கொதித்தது. அடைமழைக் காலத்தில் ராக்கையா தன் வேட்டியை அவள் வயிற்றில் விரித்துக் காயவைத்துக்கொண்டார். அதற்காக அவரை யாரும் தப்பாகச் சொல்லவில்லை, அந்த வருடம் வெயிலே இல்லை. எட்டு நாளைக்கு ஒரு தடவை சொளகு வந்தது. ஒவ்வொரு தடவையும் "எல்லாம் ஒங்க குப்பை" வந்தது. ராக்கையா அந்தக் காயை ருசித்துச் சாப்பிட்டார். மொக்கம்மாளுக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகப் பால் வற்றின. நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றானது.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது வேலுத்தாய். மூன்றாம் வருடம், இவ்வளவு விளைகிறதே, ஊர்க் கண் பட்டுவிடுமே என்று சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டி ஒன்றைத் தோட்டத்து நடுவில் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலமே செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. சட்டியை எடுத்தாள், நிமிர்ந்தது. அப்புறம்தான் கவனித்தாள். ஓரத்தில் ஆடு நுழையாமல் கட்டிய தட்டி மறைப்புக்குப் பின்னாலிருந்த செடிகளில் சாதாரணக் காய்தான் காய்த்தது. காலையில் மொக்கம்மாளின் கண் எந்தக் காயில் நிற்கிறதோ அந்தக் காய் இருட்டுவதற்குள் அரைக் கிலோ கூடியது.

வேலுத்தாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. தட்டியைப் பிரித்து அடுப்பில் வைத்தாள். அடுத்த மழையில் சுவரில் இரண்டு வரிசைக் கல்லைத் தானே இறக்கிவிட்டு, "மழையில விழுந்துருச்சுக்கா" என்றாள். காய் விற்ற காசில் சிவப்புக்கல் தோடு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் பாய்ச்சினாள். காரணமில்லாமல் தோட்டத்தில் நின்று சத்தமாகச் சிரித்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தாள். ஜீப்பு பக்கமே போகவில்லை.

1985 சித்திரையில் மொக்கம்மாள் எலும்பும் தோலுமாகிப்போனாள். கண்ணால் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருந்த தங்கையிடம் ஏறிப் போய்விட்டாள். பத்தாம் நாள் வேலுத்தாயின் காய் முட்டையளவுக்கு வந்தது. இருபதாம் நாள் பூ உதிர்ந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் மஞ்சள் துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பதினோரு வருடம் கழித்து, லோடு ஏற்றிய மாதிரி ஆள் ஏற்றிய ஜீப்பில் தானும் ஏறினாள். வளைவுக்கு வளைவு முட்டி அலறியது.

மொக்கம்மாள் லயத்து வாசலில் குளிருக்குத் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மலைக்கும் சொளகத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"வெறுங்கையோடதேன் வந்துருக்கேன். தோட்டம் படுத்துருச்சுக்கா. கீழ வாங்க."

"குப்பை வேணும்னா அவுகட்டச் சொல்லி அள்ளிக்க."

"குப்பையில்லக்கா. நீங்க வந்து செவத்துல நின்னு பாக்கணும்."

"எதப் பாக்க?"

"எப்பவும் பாக்குற மாதிரி. வகுறெரிஞ்சு."

மொக்கம்மாள் போர்த்தியிருந்த துண்டை இறக்கினாள். "அப்ப ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"மூணாம் வருசத்துலருந்து."

"செவரு மழையில விழுகல?"

"நாந்தேன் எறக்குனேன்."

"அந்தச் சிரிப்பு?"

"அதுவும் அதுக்குத்தேன்."

"அடி பாதகத்தி! அப்ப ஏங் குப்பைக்கு ஒண்ணுமே இல்லையா?"

"குப்பைக்குத்தேன் எட்டு நாளைக்கு ஒருக்கா வந்து சொன்னேனே. கண்ணுக்குச் சொல்ல வாய் வரல. இந்தாங்க."

முடிச்சை அவிழ்த்துக் கால் ரூபாயை நீட்டினாள். மொக்கம்மாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு வாங்கி முந்தியில் முடிந்தாள். அன்று வயிற்றில் போட்ட ஈரத்துணி விடிகிறவரை ஈரமாகவே இருந்தது.

இருவரும் ஒரே ஜீப்பில் இறங்கினார்கள். மறுநாள் மொக்கம்மாள் சுவரில் சாய்ந்து, சொன்ன சொல்லுக்காக, கண் வலிக்கப் பார்த்தாள். ஒன்றும் வளரவில்லை. வயிறு பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. பொறாமைப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த வாரமே அவளுடைய கடைசி மாடு மடி இறக்கிப் பால் சுரந்தது. அவள் தோட்டத்துக் கத்தரிச் செடியும் துளிர்த்தது. அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலுத்தாய் பார்த்தாள். சட்டியில் சோறு இல்லாதவள் பார்க்கிற பார்வை. அவளுக்கு அடிவயிற்றில் சுரீரென்றது. சாயங்காலம் மொக்கம்மாளின் செடியில் ஒரு காய் இரண்டு கிலோவுக்குத் தொங்கியது.

நாலாம் நாள் மொக்கம்மாள் சொளகோடு வேலுத்தாய் வாசலில் நின்றாள். "எல்லாம் ஒன் கண்ணுடி" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மூஞ்சியத் தூக்காத. இந்தக் காலோட ஜீப்பு ஏறப் போறியா? செவத்துல நின்னு எரிஞ்சுக்கிட்டு இரு. வெளச்சல்ல பாதி ஒனக்கு."

அந்த வருடம் அப்படியே நடந்தது. வேலுத்தாய் பங்குக்கு வாரம் உழுகிறவளைப் போல நேரம் தவறாமல் வந்து நின்று எரிந்தாள். தோட்டைக் கழற்றி மொக்கம்மாளிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள், எரிச்சலுக்கு உதவும் என்று. அவர்கள் பேசாமலே புரிந்துகொண்டது இதுதான்: காசு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுத் தோட்டம் காய்க்கும், அடுத்த வீட்டு வயிறு எரியும்.

1986 தை பிறந்ததும் மொக்கம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்துச் சுவருக்கு மேலே கையை நீட்டினாள். "இந்தா, இந்த வருசம் நீ வச்சுக்கடி. எரியிறத நான் எரிஞ்சுக்கிறேன்." வேலுத்தாய் வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு தைக்குத் தை காசு சுவர் தாண்டியது. கத்தரி கீற்று எழுபத்தைந்து காசுக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கடன் என்று எதுவும் இல்லை.