கேரவனுக்குத் தாராபிஷேகம்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று சென்னியப்பனின் கேரவன் நீள ஆரம்பித்தது. இரும்பு வெயிலில் நீளத்தான் செய்யும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் மனைவி கருணாம்பிகை அதன் கடைசியில் இருந்த கட்டிலில் படுத்திருந்தாள், அதுதான் சங்கடம்.

சினிமாக் கம்பெனி கழித்துவிட்ட வண்டி அது. நடிகர்களை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். ஏ.சி. கரூரைத் தாண்டியதுமே உயிரை விட்டது. இனி ஊர் ஊராகச் சுற்றலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆசை ஆசையாகக் கிளம்பியிருந்தார்கள். பொட்டல் வெளியில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்ததும் சென்னியப்பன் வண்டியை ஓரங்கட்டி, மோர் வாங்க இறங்கினான். அந்த நேரம் பார்த்து இறங்கியிருக்க வேண்டாம்.

திரும்பி வந்தபோது கட்டில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. கருணாம்பிகை எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். வண்டி அவளைவிட வேகமாக நீண்டது. அவன் உள்ளே ஓடிப் பார்த்தான். சமையல் மேடையைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தட்டுத் தடுமாறி வெளியே வந்து விழுந்தான். மோர் அதற்குள் கொதித்துப் போயிருந்தது.

குளிர்ந்தால் சுருங்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தான். தென்னங்கீற்று பரப்பினான். வண்டியில் இருந்த போர்வைகளை நனைத்து மேலே விரித்தான். அவை அப்பளம் மாதிரி பொரிந்தன. மூச்சு முட்டுகிறது என்று உள்ளேயிருந்து சொன்னாள். குரல் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. வியர்வையில் அது தனியாகத் தெரியவில்லை.

அந்த வழியாக வந்த சிவன் கோயில் குருக்கள் நின்று விசாரித்தார். இந்த நாட்களில் லிங்கத்தின் தலைக்கு மேல் தாரா பாத்திரம் கட்டியிருக்கிறோமே, அதையே இதற்கும் கட்டலாம் என்றார். அடியில் துளையுள்ள செம்புப் பாத்திரம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து சாமியின் சூட்டைத் தணிக்கும். கோயிலில் ஒன்று உபரியாக இருந்தது. அவரே எடுத்துவந்து வேப்பங்கிளையில் கட்டினார்.

முதல் சொட்டு கூரையில் விழுந்தது. வண்டி ஒரு முழம் சுருங்கியது. அடுத்ததற்கு இன்னொரு முழம். கொஞ்ச நேரத்தில் சமையல் மேடைக்குப் பக்கத்தில் கருணாம்பிகை தெரிந்தாள். மேலுதட்டு வியர்வையைக்கூடப் பார்க்க முடிந்தது. சென்னியப்பன் கையை நீட்டினான்.

அதற்குள் பின்னால் ஜனம் கூடிவிட்டது. தாரா பாத்திரம் சொட்டுகிற இடத்தில் யார் இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். சக்கரங்களுக்கு விபூதி பூசினார்கள். கற்பூரப் புகை உள்ளே போனது, கருணாம்பிகை இருமினாள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்றார்கள். வாசலை அடைத்து நின்றுகொண்டு, வரிசையில் வரும்படி சென்னியப்பனிடம் சொன்னார்கள்.

உச்சிக்கால பூஜை முடிந்தது. குருக்கள் கேரவன் கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டார்.

"உள்ள எம்பொண்டாட்டி இருக்கறாளுங்க, சாமி."

"நடை சாத்தியாச்சு. சாயங்காலம் தெறப்போம்."

சென்னியப்பன் கதவைத் தட்டினான். நடை சாத்திய பிறகு தட்டுவது அபச்சாரம் என்று ஆளுக்கொரு பக்கமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குருக்கள் காலில் விழுந்தான். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"பாத்திரத்த எறக்கிட்டா அது வெறும் வண்டி," என்றார். "வெறும் வண்டிக்கு ஏது நடை? பூட்டத் தெறந்துடுவேன்."

இறக்கினால் வண்டி நீளும். இறக்காவிட்டால் கதவு திறக்காது. சென்னியப்பன் கதவில் காதை வைத்தான். அவள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு இழுப்பது கேட்டது. இவ்வளவு கிட்டத்தில் அவள் வந்து எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. என்ன செய்யட்டும் என்று அவளிடமே கேட்டான்.

"எறக்கீருங்க," என்றாள். "தொலவாப் போனாப் போறேன். கொஞ்சம் காத்து வரட்டும்."

மரத்தில் ஏறிப் பாத்திரத்தை அவிழ்த்தான். கூட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தது. குருக்கள் சொன்ன சொல் தவறாமல் பூட்டைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. தரை இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துக்கொண்டு வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் காற்று உள்ளே போனது. அனல் காற்றுதான். எங்கோ ஒரு பெருமூச்சு கேட்டது.

பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. சென்னியப்பன் துளையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். சமையல் மேடை பின்னால் போனது. கட்டில் வந்தது, அதில் யாரும் இல்லை, அதுவும் பின்னால் போனது. வாசல் ஒரு பொட்டாகி மறைந்தது. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. ஒரு மடக்குக் குடிக்கலாமா என்று நினைத்தான். துளையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டீங்களா?" என்று கருணாம்பிகை தூரத்திலிருந்து கேட்டாள்.

வந்துவிட்டேன் என்றான்.