ஆர்லனின் எடை

சோரனின் தாளில் எல்லாப் பொருளுக்கும் எடை எழுதியிருந்தது. கூடாரம் பதினான்கு பவுண்டு. விமானத்தின் இறக்கையைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் தரையோடு கட்டிவைக்கும் கயிறும் ஆணியும் ஏழு. பற்பசை கால் பவுண்டு. அதைப் பாதி பிதுக்கி எறிந்துவிட்டு மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தான்.

ஆர்லனின் எடைதான் இடித்தது. நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று ஆர்லனே தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். அதை எழுதும்போது அவர் எந்த வருஷத்து உடம்பை நினைத்துக்கொண்டார் என்று சோரனுக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்தால் விமானச் சங்கத்துக் கொட்டகையின் மடக்கு நாற்காலி பேச ஆரம்பிக்கும்.

ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சி. சங்கத்தின் நாலு இருக்கை விமானத்தில் சோரன், அவன் மனைவி கார்லா, ஆர்லன் மூன்று பேரும் மின்னசோட்டாவிலிருந்து பறந்து போய், அங்கே விமானத்தின் இறக்கையை ஒட்டியே கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. மூவருக்கும் இதுதான் முதல் தடவை. முப்பது வருஷமாக விமானம் ஓட்டும் ஆர்லன் முப்பது வருஷமாக 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். போகும்போது சோரன் ஓட்டுவது, வரும்போது ஆர்லன் ஓட்டுவது என்று ஜனவரியிலேயே பேசி முடித்தாகிவிட்டது.

போகும் பயணம்தான் சோரனுக்கு வேண்டியிருந்தது. அந்த வாரம் அங்கே ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் இருக்கும். பச்சைப் புள்ளியில் இறங்கு என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னால் பச்சையில்தான் இறங்க வேண்டும். முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒரு விமானம். பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிற சோரன், உள்ளூர் புல்தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, வேலை முடிந்த மாலைகளில் அறுபது தடவை இறங்கிப் பார்த்திருந்தான். நாற்பத்து மூன்று தடவை சக்கரம் வட்டத்துக்குள் விழுந்தது. மற்ற பதினேழைப் பற்றி அவன் கார்லாவிடம் சொல்லவில்லை.

எரிபொருள் போக விமானம் அறுநூற்று முப்பது பவுண்டு தூக்கும். ஆர்லனின் கணக்குப்படி எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஆர்லனின் கணக்கை நம்பிப் பறக்க முடியாது. 'உண்மையில் எவ்வளவு?' என்று கேட்கவும் முடியாது. அந்த ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் அப்படிக் கேட்பவன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே சோரன் பத்திரமாக இருக்கட்டுமென்று இருநூற்று எழுபது என்று போட்டுக்கொண்டான். போட்ட பிறகு, மரியாதைக்காகத் தன் சாமான்களையே குறைக்க ஆரம்பித்தான். தலையணை போயிற்று. நாற்காலி போயிற்று. கார்லாவின் நாற்காலியும் போயிற்று.

"அவரோட இரும்பு வாணலி ஒம்பது பவுண்டு. சாய்வு நாற்காலி பதினாறு. அதெல்லாம் வரும், என் ரெண்டாவது பேன்ட் வராதா?" என்றாள் கார்லா.

"அவர் ஆசைப்பட்டு எடுத்துட்டு வர்றார்."

"நானும் ஆசைப்பட்டுத்தான் பேன்ட் போடறேன்."

என்ன குறைத்தும் முப்பத்தைந்து பவுண்டு அதிகமாகவே நின்றது. செவ்வாய்க்கிழமை கொட்டகையில் ஆர்லனைப் பார்த்தபோது, சோரன் தரையைப் பார்த்தபடி பேச்சை எடுத்தான்.

"சாமான் கொஞ்சம் அதிகமாயிடுச்சு. நான் வேணும்னா எல்லாத்தையும் கார்ல எடுத்துட்டு வந்துடறேன். நீங்க கார்லாவோட பறந்து வாங்க."

"சேச்சே, அதெல்லாம் வேண்டாம்" என்றார் ஆர்லன்.

அந்த ஊரில் எதையும் வேண்டுமா என்று கேட்டவுடன் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவைதான் தலையசைப்பார்கள். கார்லா நியூஜெர்சிக்காரி, கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் அவள் எல்லோரையும் ஒரு தடவைதான் கேட்டாள், வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் காப்பி குடிக்காமலே திரும்பிப் போனார்கள்.

"எனக்கொண்ணும் கஷ்டமில்ல. ஆறு மணி நேரந்தான்" என்றான் சோரன்.

"நீ அத்தனை தடவை பழகியிருக்க. நீதான் ஓட்டணும்."

இங்கே நிறுத்தியிருக்கலாம். இரண்டோடு நின்றால் அது வெறும் உபசாரம் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் இரண்டோடு நிறுத்தினால் மனசில்லாமல் கேட்டதாகிவிடுமோ என்று சோரனுக்கு உறுத்தியது. அவன் மனசில்லாமல்தான் கேட்டான். அதனாலேயே அது வெளியே தெரியக் கூடாது.

"நிஜமாத்தான் சொல்றேன். கார்ல போனா எனக்கும் ஊர் பார்த்த மாதிரி இருக்கும்."

ஆர்லன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "உனக்குத் தொந்தரவு இல்லேன்னா சரி." ஆணியில் தொங்கிய விமானச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் முப்பது வருஷத்து சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துச் சோரனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் கார்லா அதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு ஓட்டணும்னு ஆசையா, இல்லையா?"

"ஆசைதான்."

"அதை அவர்கிட்ட சொன்னியா?"

"மூணு தடவை மறைமுகமா சொன்னேன்."

"கார்ல வர்றேன்னு சொல்றது மறைமுகமா?"

அவன் தாளை நீட்டி இருநூற்று எழுபதைக் காட்டினான். அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். சோரன் வண்டியில் ஏறும்வரை வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தான்.

கொட்டகையில் ஆர்லன் விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார்லா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆர்லன், உங்க எடை எவ்வளவு?"

சோரன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் தேதியைப் படித்தான்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு. போன வாரந்தான் டாக்டர்கிட்ட பார்த்தேன்."

"அப்புறம் ஏன் நூத்தித் தொண்ணூத்தஞ்சுன்னு எழுதினீங்க?"

"பைலட் உரிம அட்டையில இருக்கறத எழுதினேன். அட்டை எடுத்தது எண்பத்தெட்டுல. இவன் தாள்ல எடைன்னு மட்டுந்தான் போட்டிருந்தான், எந்த வருஷத்து எடைன்னு கேக்கல. ஏன், நீங்க எவ்வளவு போட்டீங்க?"

அவரே சோரன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இருநூத்தி எழுபதா?"

"பாதுகாப்புக்குத்தான் ஆர்லன்" என்றான் சோரன். "எல்லா விமானத்துலயும் கொஞ்சம் கூட்டித்தானே போடுவாங்க."

"கொஞ்சமா?"

சோரன் கூட்டிப் பார்த்தான். மூன்று பேர், வாணலி, சாய்வு நாற்காலி எல்லாம் சேர்த்து அறுநூற்று இருபத்தாறு. நாலு பவுண்டு மிச்சம். மறுபடி கூட்டினான். அதே நாலு.

"அப்போ கார் எதுக்கு? மூணு பேரும் பறந்தே போயிடலாம்" என்றார் ஆர்லன். பிறகு துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தபடி, "ஆனா நான் ஓட்டறதா ஆயிடுச்சு. மகளுக்குக்கூடப் போன் பண்ணிட்டேன். உனக்கு வேணும்னா நீயே ஓட்டு."

"பரவால்ல ஆர்லன். மகள்கிட்ட வேற சொல்லிட்டீங்க."

கார்லா விமானத்தின் வாலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல, நீதான் பழகினவன்" என்றார் ஆர்லன்.

இது இரண்டாவது. இப்போது மறுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சோரன் அவர் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது அங்கே இருக்கும் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"சரி" என்றான்.

ஆர்லனின் கைத்துணி கண்ணாடியில் அப்படியே நின்றது.

"சரின்னா?"

"நான் ஓட்டறேன். எனக்கு ஓட்டணும்."

அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் பேசியதில்லை. ஆர்லன் கைத்துணியை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து இறக்கையின் மேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

சோரன் அவர் விரல்களுக்கு அடியிலிருந்து சாவியை மெல்ல உருவிக்கொண்டான்.