லிஃப்டில் ஏறிய கடல்

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் கடல் முதன்முதலாக ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை, பால் பாக்கெட் வந்த பிறகு. நேராக ஐந்தாம் மாடிக்குப் போய், சங்கச் செயலாளர் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு நின்றுவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது. சோபாவுக்கு அடியில் அரிசி மணி அளவில் பனிக்கட்டிகள் கிடந்தன. எங்கோ பனிமலைகள் உருகுகின்றன, சூட்டில் கடலும் உப்புகிறது, அதற்கும் இடம் வேண்டுமே என்று செய்தியில் சொன்னார்கள். அதற்கு என் வீடுதானா கிடைத்தது என்று செயலாளர் குதித்தார்.

கடல் தினமும் வந்தது. இரண்டு வருடத்தில் கணுக்கால் முழங்காலானது. தரைத்தளத்து ஒற்றை அறையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வாசலை நனைக்காமல் அது கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பான், ஸ்பானரை எடுப்பான், வைப்பான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

செயலாளர் அவனைக் கூப்பிட்டார். "லிஃப்டைக் கீழேயே பூட்டிடுப்பா. ஏற முடியலன்னா தானா திரும்பிடும்."

"திரும்பாது சார். கீழயே தேங்கிடும். கீழ என் வீடு இருக்கு."

"சொன்னதைச் செய்ப்பா."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் பூட்டினான். மறுநாள் கடல் வந்தது, பொத்தானை அழுத்தியது, மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது, பிறகு அவன் அறைக்குள் நுழைந்தது. அடுப்பு மூழ்கியது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் நின்றாள். அங்கேயும் முழங்கால்வரை தண்ணீர்.

"அது பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டிருந்துச்சு. எதுக்குங்க பூட்டுனீங்க?"

அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஓடிப்போய் பூட்டைத் திறந்தான். இந்த முறை ஐந்து பொத்தான்களையும் அழுத்திவிட்டான். கடல் மாடிக்கு மாடி இறங்கி, அவன் அறை உட்பட வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்தது. யாருக்கும் கணுக்காலைத் தாண்டவில்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் போட்ட சண்டை ஓய ஒரு வருடமானது. மெக்கானிக்கின் மகள் தண்ணீரில் சளப் சளப்பென்று நடக்கப் பழகினாள். வேலையும் போகவில்லை; அவனை விட்டால் லிஃப்டைப் பார்க்க ஆளில்லை.

தண்ணீர் வருடத்துக்கு ஒரு விரல் ஏறுகிறது. மொட்டைமாடிக்கும் ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி இப்போது செயலாளரே நச்சரிக்கிறார்.

"வைக்கிறேன் சார். அதுக்கப்புறம்?" என்று கேட்டான் மெக்கானிக்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. செயலாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கடலைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஏறினார்.