அத்தையைக் கொன்ற நேர்காணல்

1

உயர்கல்வியின் போக்கையே புரட்டிப்போடக்கூடிய ஒரு மாபெரும் நிகழ்வை இங்கே பதிவு செய்ய முன்வருகிறேன். வாசகர்கள் சற்று நிமிர்ந்து உட்காரவும்.

உட்கார்ந்தாயிற்றா? விஷயம் இதுதான்: பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அம்மாள் கைபேசியில், "எங்கண்ணன் பொண்ணு இன்டர்வியூல என்னைக் கொன்னுட்டாடி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குள் நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. [பொய். அவர்தான் இறங்கிப்போனார்.] மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

விடியலின் பொன்னொளியில் அந்த இளம் மேதை புத்தகத்தைத் திறந்து...

அந்த வரியை அடித்துவிட்டேன். மேதை எழுந்ததே ஒன்பது மணிக்கு. காரணம், அத்தையின் குறட்டை. அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் அவள் வேலை நிற்காது, அப்படியொரு தொண்டை. குறட்டைக்கும் அதே தொண்டைதான். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஒரே அறை.

பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ்* சேர்ந்தால் விடுதியில் தனி அறை என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் பிறந்தது அவளுடைய அறிவுத்தாகம்.

மதிப்பெண் இருந்தது. நேர்காணல்தான் பாக்கி. அங்கே எல்லோரிடமும் தவறாமல் ஒன்று கேட்பார்களாம்: 'நீ கடந்துவந்த பெருந்துயரம் என்ன?'

(* அத்தை இன்றுவரை 'ஓனர்ஸ்' என்றுதான் சொல்கிறாள். படித்து முடித்தால் ஏதோ ஒன்று சொந்தமாகிவிடும் என்று நம்பிக்கை.)

3

வீட்டில் துயரத்துக்குக் கடும் பஞ்சம். குடும்பமே கூடி யோசித்தது.

"நான் குடிகாரன்னு சொல்லிடும்மா," என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, தியாகி முகத்தோடு.

"இருமல் மருந்து குடிச்சாலே ரெண்டு நாள் எந்திரிக்க மாட்டீங்க. யாரு நம்புவா?" என்றாள் அம்மா.

"அப்ப என்னைச் சாகடிச்சிடு," என்றாள் அத்தை. "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

"சரி அத்தை."

"கொஞ்சமாவது யோசிச்சுட்டுச் சொல்லக்கூடாதாடி?"

[இந்த இடத்தில் பெண்ணின் மனம் கலங்கியது என்று எழுதிப் பார்த்தேன். கலங்க மாட்டேன் என்கிறது.]

4

மூன்று பேராசிரியர்கள். எதிர்பார்த்த கேள்வி.

"எங்கத்தை பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவங்க சார். போன வருஷம் போயிட்டாங்க. அவங்க சத்தம் இல்லாம ராத்திரி தூக்கமே வரல."

ஒரு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில், வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத் துணைக்கு வந்திருந்த அத்தை. சுற்றிலும் பெற்றோர் கூட்டம். கழிப்பறை எங்கே என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் அலைகிறது. வழி தெரியாத கூட்டத்தைக் கண்டால் அத்தைக்குப் பொறுக்காது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. கழிப்பறை இடப்புறம், கடைசியில் அமைந்துள்ளது."

கதவு அதிர்ந்தது. மூத்த பேராசிரியர் பேனாவை மூடினார்.

"யாரும்மா அது?"

5

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. கைவசம் இருப்பவை:

(அ) "அத்தைதான் சார், உயிரோடதான் இருக்காங்க" என்கிறாள். நேர்மையை மெச்சி இடம் தருகிறார்கள். இதை நம்புகிறவர்கள் பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர்கள்.

(ஆ) கண்கள் விரிய, மெல்லிய குரலில் கேட்கிறாள்: "உங்களுக்கும் கேக்குதா சார்?" எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

(இ) அப்போது படாரெனக் கதவு திறந்து... [திறக்கவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டேன்.]

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்ததா இல்லையா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். சிபாரிசு செய்ய அங்கே எனக்கு ஆளில்லை. என்னால் ஆனது, அந்த விடுதியை மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அறைக்கு மூன்று கட்டில்.